சுக்லாவின் விண்வெளி ஆய்வுகளில் பெங்களூருக்கு என்ன வேலை?

"ராக்கெட்டே அமெரிக்காவுடையது, இதில் நம்ம பெங்களூர் எங்கே வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ராக்கெட் அவர்களுடையதுதான். ஆனால் 2025 ஜூன் 25 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பி ஜூலை 15 அன்று திரும்பிய நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா எடுத்துப்போன 7 இந்தியச் சோதனைகளில் சில இந்த ஊர்ச் சரக்கு.

எனக்குப் பிடித்தது தசைச் சோதனை. எடையின்மையில் கால் தசைகளுக்கு உடம்பைத் தாங்கும் வேலையே கிடையாது. அதனால் இளைக்கத் தொடங்கும். தினமும் உடற்பயிற்சி செய்தாலும் முழுசாகத் தடுக்க முடியாது. பல்லாரி சாலை ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் இன்ஸ்டெம் என்ற ஸ்டெம் செல் ஆய்வு நிறுவனத்தின் சோதனை இது. தசை ஸ்டெம் செல்களிலிருந்து புதுத் தசை உருவாவது எடையின்மையில் எங்கே தடைபடுகிறது? செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டும் சத்துப்பொருள் கொடுத்தால் சரியாகுமா? விடை கிடைத்தால், மாதக்கணக்கில் படுக்கையில் இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் உதவலாம்.

ஐ.ஐ.எஸ்.சி. (இந்திய அறிவியல் நிறுவனம்) அனுப்பிய நீர்க்கரடிகள் என்ற நுண்ணுயிர் அளவிலான குட்டி விலங்குகளுக்குப் பத்திரிகைகளில் நல்ல விளம்பரம். (பார்க்கவும் அழகுதான், மைக்ராஸ்கோப் வேண்டும்.) அதே நிறுவனத்தின் இன்னொரு சோதனையை அவ்வளவாக யாரும் கண்டுகொள்ளவில்லை: எடையின்மையில் கணினித் திரையோடு வேலை செய்யும்போது கண் எப்படி அலைகிறது, சுட்டும் விரல் குறி தவறுகிறதா, மன அழுத்தத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மனிதரை ஏற்றிச் செல்லவிருக்கும் நம் விண்கலமான ககன்யானுக்குள் திரை அமைக்கிறவர்களுக்கு முதலில் கைகொடுக்கப் போவது இதுதான் என்பது என் கணிப்பு.