ஊர்ப் பள்ளிக்கும் ஏரிக்கும் சி.எஸ்.ஆர். நிதி: யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது?

கேள்வி: எங்கள் கிராமத்தை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே பெரிய உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று பல வருடங்களாக இயங்குகிறது. எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குச் சரியான கழிப்பறை இல்லை. ஏரியும் தூர்ந்து கிடக்கிறது. போன வருடம் இளைஞர்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை பதிவு செய்தோம். கம்பெனிக்கு இரண்டு முறை மனு கொடுத்தும் பதில் இல்லை. சி.எஸ்.ஆர். நிதி, அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் பணம், கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? எப்படிக் கேட்க வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்பது தர்மப் பணம் இல்லை, அதனால் தயங்க வேண்டாம். அதே சமயம், "எங்கள் ஊருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்" என்று கம்பெனியைச் சட்டப்படி நெருக்கவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் மனு நிற்கிறது. முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி இதற்குள் வரும். அது தன் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 40 கோடி என்றால் வருடத்துக்கு 80 லட்சம். செலவழிக்காமல் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கான மீதியைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். மற்ற மீதி, நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், சட்டம் குறிப்பிடும் அரசு நிதிகளுக்குப் போய்விடும். தவறினால் அபராதம் உண்டு.

தொழிற்சாலை இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று இதே பிரிவு சொல்கிறது. உங்கள் மனுவின் முதல் பத்தியில் இந்த வரி இருக்கட்டும். ஆனால் இது வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் விளக்கம் கொடுத்துவிட்டது. ஆகவே பக்கத்து ஊர் என்பது உங்களுக்கு ஒரு நல்ல வாதம், அவ்வளவுதான். மற்றதை மனுவின் தரம்தான் செய்ய வேண்டும்.

இரண்டு மனுவுக்கும் பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம், அது போய்ச் சேர்ந்த இடம். தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி பரிந்துரைக்கலாம், முடிவெடுக்க முடியாது. முடிவு இயக்குநர் குழுவுடையது. அதன் கீழ் உள்ள சி.எஸ்.ஆர். குழு ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு செயல்திட்டம் தயாரித்து ஒப்புதல் வாங்கும். வருடத்துக்கு 50 லட்சம் வரைதான் செலவிட வேண்டிய கம்பெனி என்றால் தனிக்குழு தேவையில்லை, இயக்குநர் குழுவே பார்த்துக்கொள்ளும். கம்பெனிக்கு இணையதளம் இருந்தால் இந்தக் குழுவில் யார் யார், சி.எஸ்.ஆர். கொள்கை என்ன, எந்தத் திட்டங்களுக்கு ஒப்புதல் என்பதை அதில் போட்டாக வேண்டும். ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு போனது என்பது இருக்கும். பங்குச்சந்தையில் இல்லாத கம்பெனி என்றால் மத்திய அரசின் தேசிய சி.எஸ்.ஆர். தளத்தில் கம்பெனிப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

இதை வேலை மெனக்கெட்டு வாசியுங்கள். மூன்று வருடமாகப் பெண் கல்விக்குச் செலவு செய்துவரும் கம்பெனியிடம் கழிப்பறையைப் பெண் பிள்ளைகள் படிப்பைத் தொடர்வதோடு இணைத்துக் கேட்கலாம். தண்ணீருக்குச் செலவு செய்கிறதென்றால் ஏரியை முன்னே வையுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் திணிக்காதீர்கள். அனுமதி தரும் துறைகளே வேறு வேறு, ஒன்றின் தாமதம் மற்றதையும் இழுத்துவிடும். நகலைத் தொழிற்சாலையிலும், மூலத்தைத் தலைமை அலுவலகத்தின் சி.எஸ்.ஆர். பொறுப்பாளரிடமும் கொடுங்கள்.

அடுத்து உங்கள் அறக்கட்டளை. சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு அதன் கணக்கில் சி.எஸ்.ஆர். பணம் வராது. வெளியிலிருந்து திட்டத்தை நடத்தும் அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் இரண்டு பதிவுகளும் (1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அறக்கட்டளைக்கு வரி விலக்குத் தரும் 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி), இதே மாதிரிப் பணிகளில் மூன்று வருட அனுபவமும், சி.எஸ்.ஆர்.-1 படிவம் மூலம் வாங்கிய பதிவு எண்ணும் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இந்த எண் இல்லாமல் எந்தக் கம்பெனியும் பணம் தராது. "நான் வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2025 தொடக்கத்தில் கேரளத்தில் சி.எஸ்.ஆர். நிதியில் பாதி விலைக்கு ஸ்கூட்டர் என்று சொல்லி ஏராளமான பெண்களிடம் முன்பணம் வாங்கி ஏமாற்றிய வழக்கு வெடித்தது. சி.எஸ்.ஆர். உதவியைப் பெற ஊர்மக்கள் யாருக்கும் முன்பணம் கட்டத் தேவையே இல்லை.

அப்படியானால் நீங்கள் என்ன செய்வது? உங்கள் கணக்குக்குப் பணம் வராமலே இந்த இரண்டு வேலையையும் முடிக்கலாம். கம்பெனி நேரடியாகவே செலவு செய்யலாம். அனுபவமுள்ள வேறு தொண்டு நிறுவனம் வழியாகவும் செய்யலாம். உதாரணத்துக்கு, டி.வி.எஸ். மோட்டாரின் சமூகப் பணிகளைச் செய்யும் சீனிவாசன் சேவைகள் அறக்கட்டளை 1996இலேயே தொடங்கியது, இந்தச் சட்டம் வருவதற்குப் பல வருடம் முன்பு. அரசுப் பள்ளிகளுக்கென்றே "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் கொண்டுவந்தது. அதன் தளத்தில் பள்ளியின் தேவையைப் பதிவு செய்தால், கம்பெனிகளும் முன்னாள் மாணவர்களும் அதைப் பார்த்து நிதி தர முடியும். அதனால் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும்தான் உங்கள் முதல் படி. மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, முதன்மைக் கல்வி அலுவலருக்குத் தெரிவித்து, தளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் இளைஞர்கள் அளவெடுப்பது, படம் எடுப்பது, மனு எழுதுவது, வேலை நடக்கும்போது கூட நிற்பது என்று உழைக்கலாம். மூன்று வருடம் கழித்து உங்கள் அறக்கட்டளை பதிவு எண்ணுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த அனுபவம்தான் கைகொடுக்கும்.

இனி கழிப்பறை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்பெனிப் பணம் அதிகம் வீணான இடங்களில் இதுவும் ஒன்று. 2014இல் மத்திய அரசின் தூய்மைப் பள்ளி இயக்கத்தில் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கழிப்பறைகளைக் கட்டின. பிறகு தலைமைத் தணிக்கையாளரின் குழு 15 மாநிலங்களில் மாதிரிக்குச் சில பள்ளிகளை எடுத்து நேரில் போய்ப் பார்த்தது. கட்டி முடித்திருந்த 2,326 கழிப்பறைகளில் 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர்க் குழாய் வசதி இல்லை. 55 சதவீதத்தில் கை கழுவ இடமில்லை. 30 சதவீதம் பயன்பாட்டிலேயே இல்லை. கட்டியதாகக் கணக்கில் இருந்த சில கழிப்பறைகள் அந்த இடத்தில் இல்லவே இல்லை. 2020இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை இது.

பணம் இருந்தது, கட்டடமும் வந்தது. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வரும், தினமும் யார் கழுவுவது, தாழ்ப்பாள் உடைந்தால் யார் மாற்றுவது என்று முன்கூட்டியே யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகள் பழையபடி அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் பள்ளியில் இது நடக்கக் கூடாது.

ஆகவே மனுவில் கட்டடச் செலவை விட இதற்குத்தான் அதிக இடம் கொடுங்கள். எத்தனை மாணவிகள், எத்தனை இருக்கைகள், ஆழ்துளைக் கிணறா ஊராட்சிக் குடிநீர்த் தொட்டியா, மோட்டாரின் மின்கட்டணம் யார் பொறுப்பு, மாதவிடாய் நாட்களில் நாப்கினை எங்கே போடுவது, தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் எங்கிருந்து, செப்டிக் டேங்க் எப்போது எடுக்க வேண்டும். ஊராட்சி எதை ஏற்கிறது, பள்ளி எதை ஏற்கிறது என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு தாளை இணையுங்கள். கம்பெனிக்காரர்கள் மனுவில் அரிதாகப் பார்க்கும் விஷயம் இது. ஏன் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்தத் தாளே பதில் சொல்லும்.

பராமரிப்புச் செலவையும் கேட்கலாம், விதியில் அதற்கு இடம் இருக்கிறது. தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மூன்று வருடம் வரை நீளும் திட்டங்களைச் சட்டம் ஏற்கிறது. "கட்டித் தாருங்கள்" என்று எழுதாமல் "கட்டி, மூன்று வருடம் பராமரித்து, பிறகு ஒப்படையுங்கள்" என்று எழுதுங்கள். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லிச் சிலர் மறுப்பார்கள். அந்த வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கானது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் ஆகும் செலவு அதில் சேராது என்று அமைச்சகமே விளக்கியிருக்கிறது. இன்னொன்று, இந்தப் பணத்தில் உருவாகும் சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பள்ளியிடமோ ஊராட்சியிடமோ எழுத்தில் ஒப்படைத்த பிறகுதான் பழுது பார்ப்பது யார் கடமை என்பது தெளிவாகும். திறப்பு விழா அன்றைக்கே அந்தக் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள்.

ஏரி வேலை இதை விடச் சிக்கலானது. முதலில் ஏரி யாருடையது என்று தெரிய வேண்டும். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத்துறையிடமும், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். அந்தத் துறையின் அனுமதியும் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலும் இல்லாமல் ஒரு பொக்லைன்கூட உள்ளே இறங்கக் கூடாது. தூர்வாருவது என்ற பெயரில் நடுவில் ஆழமாகத் தோண்டி மண்ணை விற்றுவிட்டுப் போவதும் நடக்கிறது. அதனால் வண்டல் எவ்வளவு எடுக்கப்படும், அது கரையைப் பலப்படுத்தப் போகிறதா, விவசாயிகளின் வயலுக்குப் போகிறதா, யார் அனுமதி என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வரத்து வாய்க்கால் அடைந்து கிடக்கும்போது ஏரியை மட்டும் ஆழப்படுத்தினால் தண்ணீர் வராது. மதகு, கலங்கல், வாய்க்கால், ஆக்கிரமிப்பு எல்லாவற்றையும் ஊர்ப் பெரியவர்களோடு நடந்து பார்த்து, ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு வாங்குங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் ஏரியைக் கெடுத்தது அந்தத் தொழிற்சாலையின் கழிவுநீர்தான் என்றால், அதைச் சுத்தம் செய்வது சி.எஸ்.ஆர். ஆகாது. வேறு சட்டத்தின்படி கம்பெனி செய்தாக வேண்டிய கடமையை இந்தக் கணக்கில் எழுத விதி அனுமதிப்பதில்லை. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் கொடுங்கள், நிதி கேட்கும் மனுவோடு கலக்காதீர்கள். கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள் என்பதற்காக அந்தப் புகாரை ஊர் விழுங்கிவிடவும் வேண்டாம். திருவிழா, அரசியல் கட்சி நிகழ்ச்சி, கம்பெனிப் பெயரை விளம்பரம் செய்யும் விளையாட்டுப் போட்டிக்கான ஸ்பான்சர், தொழிலாளர்களுக்கு மட்டுமான சலுகை போன்றவற்றுக்கும் இந்த நிதியைக் கேட்க முடியாது.

எப்போது கேட்பது? நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அதற்கு முந்தைய மாதங்களில் கம்பெனிகள் அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் பேசத் தொடங்கிவிடும். அதனால் அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, மதிப்பீடும் வாங்கி, டிசம்பருக்குள் மனுவைச் சேர்த்துவிடுவது நல்லது. பிப்ரவரி, மார்ச்சில் செலவாகாத பணத்துக்கு அவசரமாக இடம் தேடும் கம்பெனிகளும் உண்டு. எல்லாத் தாளும் தயாராக இருக்கும் ஊருக்குத்தான் அப்போது வாய்ப்பு. ஆனால் அந்த அவசரத்தில் தண்ணீர் இணைப்பை விட்டுவிட்டுக் கட்டடம் மட்டும் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தேவை, பயன்பெறுவோர் எண்ணிக்கை, செலவு, கால அளவு, பராமரிப்பு உறுதி, பிரச்சினை தெரியும் நான்கைந்து படங்கள், தீர்மான நகல்கள் போதும். ஒரு மாதம் கழித்து நேரில் போய்க் கேளுங்கள், தலைமையாசிரியரையும் கூட்டிப் போங்கள்.

இந்தக் கம்பெனி முடியாது என்று சொன்னாலும் அதே சிப்காட்டில் மற்ற கம்பெனிகள் இருக்கும். ஒரே திட்டத்தில் பல கம்பெனிகள் சேரலாம், ஒவ்வொன்றும் தன் பங்கைத் தனியாகக் கணக்குக் காட்ட முடிந்தால் போதும். கட்டடத்தை ஒருவர், ஆழ்துளைக் கிணறையும் மோட்டாரையும் இன்னொருவர், மூன்று வருடப் பராமரிப்பை மூன்றாமவர் என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள். லாபம் குறைவாக இருப்பதால் சட்டத்துக்குள் வராத சிறு ஆலைகள்கூடக் குழாய், டைல்ஸ் மாதிரி பொருளாகக் கொடுக்க முன்வரலாம். அதோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் "நமக்கு நாமே" திட்டத்தைப் பற்றியும் விசாரியுங்கள். மக்கள் பங்களிப்பாக ஒரு தொகை திரண்டால் மீதியை அரசு போடும் திட்டம் அது. கம்பெனி தரும் பணத்தை அந்தப் பங்களிப்பாக ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.