நேரில் பார்க்காமல் வாங்கிய பழைய காரைத் தொலைதூரத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வரலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: வெளிமாநிலத்தில் இருக்கும் ஒரு பழைய காருக்கு, ஆளையும் பார்க்காமல் வண்டியையும் பார்க்காமல் முன்பணம் அனுப்பிவிட்டீர்கள். ஓட்டிக்கொண்டு வருவதா, லாரியில் ஏற்றுவதா என்று கேட்கிறீர்கள். வீட்டில் யாரும் உங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதை நீங்கள் எழுதவில்லை. ஆனால் இரவு ஒன்றரை மணிக்குக் கேள்வி போட்டிருக்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது.

ஓட்டிக்கொண்டு வாருங்கள். தனியாக வராதீர்கள், இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான். மீதி, 2023 மார்ச்சில் நான் கோலாப்பூரிலிருந்து நாமக்கல்லுக்கு ஒரு 1986 பிரீமியர் பத்மினியை ஓட்டி வந்த கதை. சுமார் 870 கிலோமீட்டர்.

ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "காசு கொழுத்தவன் விளையாட்டு" என்று யாராவது கீழே எழுதுவார்கள். நான் ஒரு லாரி பாடி பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். என் அப்பா ஒரு டாக்டருக்கு 22 வருடம் டிரைவராக இருந்தார். டாக்டருடையது சாம்பல் நிற ஃபியட். பத்மினி என்று பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகியும் எங்கள் ஊரில் அது ஃபியட்தான். கியர் கீழே இருக்காது, ஸ்டியரிங் தண்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அப்பா என் கையைப் பிடித்துக் காற்றில் கியர் போட்டுக் காட்டுவார். அந்தக் காரில் நாங்கள் யாரும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. டாக்டர் நல்ல மனுஷர், கேட்டிருந்தால் தந்திருப்பார். அப்பா கேட்கவில்லை. 2011-ல் அவர் போய்விட்டார்.

ஒருநாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கோலாப்பூரில் ஒரு வெல்ல வியாபாரி, 36 வருடம் ஒரே கையில் இருந்த வண்டி. நான்கு படங்களில் ஒன்று டிரைவர் சீட்டிலிருந்து எடுத்தது, அதில் அந்தக் கியர் கம்பி தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கு 10,000 ரூபாய் அனுப்பியிருந்தேன். மொத்த விலை 1,20,000. என் மனைவிக்குக் காலையில்தான் தெரியும். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வாங்கியதற்காக யாரிடமும் கேட்கவில்லை, இன்றும் கேட்க மாட்டேன்.

நாமக்கல்லில் இருந்துகொண்டு லாரிக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். கார் ஏற்றும் வண்டிக்காரர்கள் 25,000 சொன்னார்கள். திரும்பிவரும் சாதா லாரியில் போட்டால் அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் சரியான சாய்தளம் இல்லாமல் ஏற்றி, அச்சிலும் பம்பரிலும் கயிறு கட்டி, 900 கிலோமீட்டர் குலுக்கிக்கொண்டு வந்தால் பழைய தகரம் தாங்காது. இதைச் சொன்னது என் மனைவியின் சித்தப்பா. 71 வயது, 40 வருடம் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டியவர். நான் அவரை மாமா என்பேன். "ஓட்டியே வந்தரலாம் மாப்ள, நானும் வர்றேன். அந்த ரோட்டப் பாத்து எட்டு வருசமாச்சு" என்றார். உங்களுக்கும் இப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும். காரைப் பற்றித் தெரிந்தவர் என்பதைவிட, நடுரோட்டில் வண்டி நின்றால் பதறாதவராக இருக்க வேண்டும்.

மாமா பையில் கட்டி எடுத்துக்கொண்டவை: பிளக் ஸ்பேனர், ஒரு செட் கான்டாக்ட் பாயிண்ட், கன்டென்சர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் இரண்டு, எம்-சீல், கட்டுக்கம்பி, பழைய வேட்டி ஒன்று, ஒரு கட்டி சோப்பு. சோப்பு எதற்கு என்று கேட்டேன். பெட்ரோல் டேங்க் கசிந்தால் அதில் தேய்த்து அடைத்தால் ஊர் வந்து சேரலாமாம். அது தேவைப்படவில்லை. வேட்டி தேவைப்பட்டது.

கோலாப்பூரில் அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் வண்டி கழுவித் துடைத்து நின்றது. வெளிர் மஞ்சள். ஒரு இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. நான் அப்படியே ஏறி உட்கார்ந்திருப்பேன். மாமா கீழே குந்தி டயரைத் தடவிக்கொண்டிருந்தார். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், பாருங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 3211 என்று இருந்தது. 2011-ம் வருடத்து 32-வது வாரம். ஓடாமலே நின்றதால் பட்டன் எல்லாம் புதிது போலத்தான் இருந்தது. ஆனால் நகத்தால் அழுத்தியபோது பள்ளங்களுக்குள் தலைமுடி மாதிரி விரிசல். அந்த டயரில் மார்ச் வெயிலில் ஹைவேயில் போயிருந்தால் இன்று இந்தப் பதிலை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. 5.20-14 அளவு நான்கும் தேடி வாங்கி மாட்ட மறுநாள் மதியம் ஆகிவிட்டது. கிளம்பும்போது பெரியவர் சாவியை என் கையில் கொடுக்காமல், மாமா கையில் கொடுத்தார். பானெட்டை ஒருமுறை தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வெளியே வரவில்லை.

காகிதங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். விற்பவரின் ஆர்.டி.ஓ.விலிருந்து தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கைக்கு வராமல் முழுப்பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, எதுவரை செல்லும் என்று பாருங்கள். 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிப்பார்கள். கோலாப்பூர் பெரியவர் 2021-ல் 600 ரூபாய் கட்டிப் புதுப்பித்திருந்தார். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். 50 வருடம் ஆகியிருந்தால் விண்டேஜ் என்று தனிப் பதிவு உண்டு. நாற்பது வருடத்து வண்டிக்கு எதுவும் இல்லை. ஃபாஸ்டேக்கும் முன்பே வாங்கி ஒட்டச் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு டோலிலும் இருமடங்கு கட்டினேன்.

முதல் நாள் ஹுப்பள்ளியில் தங்கினோம். நிப்பானி, பெலகாவி, கித்தூர், தார்வாடு எல்லாம் சுகமாகக் கடந்தன. ஐம்பது, ஐம்பத்தைந்து வேகம். முன்கதவில் அந்த முக்கோணக் கண்ணாடி இருக்கிறதே, அதைத் திருப்பி வைத்தால் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். ஏ.சி. இல்லையே என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் பகல் பன்னிரண்டரைக்குச் சித்ரதுர்கா தாண்டி, குன்றுகளின் மேல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் வண்டி இரண்டு முறை திணறியது. மூன்றாவது முறை அப்படியே அடங்கிவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இன்ஜினே போச்சு, மனைவி சொன்னது சரி, அப்பா பெயரைச் சொல்லிப் பணத்தை அழித்துவிட்டோம் என்றெல்லாம் ஓடியது. மாமா பானெட்டைத் தூக்கிவிட்டுப் பெட்ரோல் பம்பின் மேல் இரண்டு விரலை வைத்தார், வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல மாப்ள. பெட்ரோல் கொதிச்சு ஆவியாயிருச்சு. அந்த வேட்டியக் கிழிச்சு நனைங்க."

இந்த வண்டிகளில் பெட்ரோல் பம்பு இன்ஜின் மேலேயே பொருத்தியிருக்கும். இன்ஜின் சூடு ஏற ஏற பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் பெட்ரோல் ஆவியாகும். திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. கார்புரேட்டர் காய்ந்துவிடும். ஈரத்துணியைச் சுற்றி, அரைமணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். துணியிலிருந்து ஆவி போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பம்பின் அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலை மாமா கையால் பத்துப் பதினைந்து முறை அடித்தார், சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு நிமிடத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. லாரியில் ஏற்றி வந்திருந்தால் அடுத்த முறை நாமக்கல் டிராஃபிக்கில் இதே வண்டி நிற்கும்போது நான் மெக்கானிக்கைத் தேடி ஓடியிருப்பேன். இன்று டிக்கியில் எப்போதும் ஈரத்துணிக்கு ஒரு டப்பா இருக்கிறது.

சொல்ல வந்ததோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மாமாவுக்குச் சர்க்கரை உண்டு, அடிக்கடி ஒதுங்க வேண்டும். அந்த நான்கு நாளில் பெட்ரோல் போட்ட ஏழு பங்க்குகளில் மூன்றில் கழிப்பறைக்குப் பூட்டு. ஒன்றில் சாவி மேனேஜரிடம், மேனேஜர் ஊரில் இல்லை. காற்று, குடிநீர், கழிப்பறை மூன்றும் பங்க்குகளில் இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி. எழுபது வயது மனுஷர், நாற்பது வருடம் இந்த நாட்டுக்கு வெங்காயமும் சிமென்ட்டும் ஏற்றி இறக்கியவர், வேலிக்காட்டுக்குள் துண்டைப் பிடித்துக்கொண்டு போவதைக் காரில் உட்கார்ந்து பார்த்தேன். ஆணுக்கே இப்படி. லாரி டிரைவர்கள் குடித்துவிட்டு ஓட்டுகிறார்கள் என்று எழுதுகிறவர்கள் யாரும் இதை எழுதி நான் படித்ததில்லை.

சரி. அன்று இரவு துமகூரு. காலையில் கியாத்சந்திராவில் தட்டு இட்லி. அப்புறம் பெங்களூரில் ஜே.சி. ரோட்டுக்குப் போய் பெட்ரோல் பம்பு டயாபிரம் கிட், அதாவது பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு, வாங்கினோம். பெட்ரோலில் இப்போது எத்தனால் கலப்பு 20 சதவீதம் வரை போயிருக்கிறது, பழைய ரப்பர் அதில் ஊறிக் கெடும். நீங்கள் கிளம்பும்போதே ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதி நாள் போய்விட்டது. தர்மபுரி வரும்போது மாலை ஆறு மணி. வீட்டுக்கு இன்னும் 120 கிலோமீட்டர்தான், போய்விடலாம் என்றேன். மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை.

"தொப்பூர் இருட்டுல வேண்டாம் மாப்ள. நாலு வீலும் டிரம்மு."

சேலம் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். தொப்பூர் கணவாயில் தர்மபுரியிலிருந்து போகும்போது முழுக்க இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறக்கும் லாரிகள் பிரேக் பிடிக்காமல், இரட்டைப் பாலத்துக்கிட்டே முன்னால் போகும் கார்களை அள்ளிக்கொண்டு போயிருக்கின்றன. பத்மினியில் டிஸ்க் பிரேக் கிடையாது, பூஸ்டரும் கிடையாது. தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறைந்துகொண்டே வரும். தர்மபுரியில் அறை எடுத்தோம். 900 ரூபாய். நான் செலவழித்த பணத்திலேயே நல்ல பணம் அது.

காலை ஆறரைக்கு இறங்கினோம். ஓட்டியது நான். இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்பே மூன்றாவது கியர், பாலத்துக்கு வெகுமுன்னால் இரண்டாவது. இன்ஜின் ஊளையிட்டு வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஸ்டியரிங்கிலேயே தெரிந்தது. பிரேக்கை விட்டு விட்டுத்தான் தொட்டேன். பின்னால் வந்த டாரஸ் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எனக்குக் கை நடுங்கியது.

"அவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். உங்க பிரேக்க அவனா மிதிக்கப் போறான்? இடது ஓரமா இதே வேகத்துல போங்க."

கீழே இறங்கி ஓரம் கட்டி நின்றோம். சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனால் அனல், லேசாகக் கருகல் வாடை. அவ்வளவுதான். மாமா டீ வாங்கி வந்து கொடுத்தார். "உங்கப்பாரு இருந்தா ஒத்துக்குவாரு" என்றார். அவர்கள் இருவரும் பழகியவர்கள். நான் டீயைக் குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பதினோரு மணிக்கு வீடு. அம்மா வாசலுக்கு வந்தார். முன்கதவைத் திறந்துவிட்டேன். பின்கதவுப் பக்கம் போனவரைக் கூப்பிட்டு முன்சீட்டில் உட்காரவைத்தேன். மோகனூர் வரைக்கும் போய்க் காவிரியைப் பார்த்துவிட்டு வந்தோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "இந்தக் கதவ மெதுவாச் சாத்தினாப் போதும்னு உங்கப்பா சொல்லுவாரு" என்றார்.

பழைய வண்டி புகை கக்கும் என்று சொல்பவர்களுக்கு: மாதத்தில் இரண்டு ஞாயிறு, மொத்தம் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். புகைச் சான்று இருக்கிறது. லிட்டருக்கு 12 கொடுக்கிறது. தினமும் தனி ஆளாகப் பெரிய கார்களில் போய்வருகிறவர்களைவிட நான் ஊரைக் கெடுத்துவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் வண்டி எந்த மாடல், எந்த ஊரிலிருந்து வருகிறது என்று எழுதுங்கள். பெங்களூர் வழியாக என்றால் எங்கே தங்கலாம், யார் பழைய வண்டியைத் தொடுவார்கள் என்று மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள், எல்லோரும் அதை மட்டும் விட்டுவிடுவார்கள். எங்களுடையது 2004.