மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹாம் போன்ற பெரிய அணிகள் சரிந்ததால்தான் இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீக்கில் போட்டி கடுமையாகத் தெரிகிறதா?

சரிவு உண்மை. ஆனால் காரணத்தையும் விளைவையும் கேள்வி இடம் மாற்றி வைத்திருக்கிறது. பெரிய அணிகள் சரிந்ததால் போட்டி கூடவில்லை. நடுத்தர அணிகள் வளர்ந்து போட்டி கூடியதால்தான் பெரிய அணிகளின் தவறுகள் இவ்வளவு பெரிய சரிவாக மாறின. அதே நேரம், 2023-24, 2024-25 சீசன்களில் பட்டியலின் அடிப்பகுதியில் போட்டி செத்துக்கொண்டிருந்தது. யுனைடெட் ரசிகனான எனக்கு என் அணியின் அந்தச் சரிவு வேதனை தந்தது. அதைவிட இந்த இரண்டாவது விஷயம் கவலை தருகிறது.

2024-25 சீசனை எடுத்துக்கொள்வோம். யுனைடெட் 42 புள்ளிகளுடன் 15ஆம் இடம். 38 ஆட்டங்களில் 18 தோல்வி, அடித்தது வெறும் 44 கோல். 1973-74இல் கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்பட்ட பிறகு அந்த அணிக்கு இவ்வளவு மோசமான சீசன் வாய்த்ததில்லை. டாட்டன்ஹாம் இன்னும் கீழே: 22 தோல்விகள், 38 புள்ளிகள், 17ஆம் இடம்.

யுனைடெட்டின் சரிவுக்கு உள் காரணங்கள் ஏராளம். 2005இல் கிளேசர் குடும்பம் கிளப்பை வாங்கியபோது அதற்காகப் பெற்ற கடனின் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. 2013இல் அலெக்ஸ் பெர்குசன் ஓய்வு பெற்ற பிறகு மோயஸ், வான் கால், மொரீனியோ, சோல்ஷார், டென் ஹாக், அமோரிம் என்று பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் கேட்டு வாங்கிய வீரர் அடுத்தவரின் ஆட்ட முறைக்குப் பொருந்த மாட்டார். ஆனால் அவருடைய ஒப்பந்தமும் சம்பளமும் அப்படியே நிற்கும். 2024 மே மாதம் ஆர்சனல் ஆட்டம் முடிந்ததும் பெய்த மழையில் யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டின் கூரையிலிருந்து அருவிபோலத் தண்ணீர் இருக்கைகள்மேல் கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

ஆனாலும் நிர்வாகக் குளறுபடி மட்டுமே ஓர் அணியை 15ஆம் இடத்துக்கு இறக்கிவிடாது. பிரீமியர் லீக் தொடங்கிய 1992 முதல் ஓய்வு பெறும்வரை பெர்குசனின் அணி ஒருமுறைகூட 3ஆம் இடத்துக்குக் கீழே போனதில்லை. அவருக்கும் தவறான கொள்முதல்கள் இருந்தன, அணியைப் புதிதாகக் கட்ட வேண்டிய ஆண்டுகள் இருந்தன. அப்போது தடுமாறினால் 3ஆம் இடம். இன்று தடுமாறினால் பட்டியலின் பின்பாதி. 2022-23இல் செல்சி வீரர்களை வாங்க 50 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டியது. கிடைத்தது 12ஆம் இடம்.

இதைப் புரிந்துகொள்ள போர்ன்மத் அணியைப் பார்த்தால் போதும். அதன் மைதானத்தில் சுமார் 11,000 பேர்தான் உட்கார முடியும். ஓல்டு டிராஃபோர்டில் 74,000 பேருக்கு மேல். 2023 டிசம்பரில் போர்ன்மத் ஓல்டு டிராஃபோர்டுக்கு வந்து 3-0 என்று வென்றது. ஏதோ ஒரு நாள் வாய்த்துவிட்டது என்று எங்களில் பலர் தேற்றிக்கொண்டோம். 2024 டிசம்பரில் மறுபடியும் வந்தது, மறுபடியும் 3-0. ஃப்ரீ கிக்கிலிருந்து வந்த பந்தை டீன் ஹுய்சன் தலையால் தட்டி வலைக்குள் அனுப்பினார். இரண்டாம் பாதியில் ஜஸ்டின் க்ளைவர்ட் பெனால்டியைக் கோலாக்க, சற்று நேரத்தில் செமென்யோ மூன்றாவதை அடித்தார். அந்த ஆட்டத்தில் என்னை அதிகம் பாதித்தது கோல் கணக்கு அல்ல. போர்ன்மத் வீரர்களின் முகத்தில் வியப்பே இல்லை. வந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களாகத்தான் தெரிந்தார்கள்.

அந்த ஹுய்சன் வந்தது இத்தாலியின் யுவென்டஸிலிருந்து, க்ளைவர்ட் வந்தது ரோமாவிலிருந்து. ஐரோப்பாவின் பெரும் கிளப்புகளிடமிருந்து ஒரு கடலோர ஊரின் சிறிய கிளப் வீரர்களை வாங்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் தொலைக்காட்சிப் பணமும் அதைப் பங்கிடும் முறையும்தான். உள்நாட்டு ஒளிபரப்பு வருமானத்தில் பாதி 20 அணிகளுக்கும் சமமாகப் போகிறது. மீதிதான் பட்டியலில் பிடித்த இடத்தையும் ஒளிபரப்பான ஆட்டங்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. 2024-25இல் கடைசி இடம் பிடித்த சவுத்தாம்ப்டனுக்குக்கூட லீக்கிலிருந்து 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. சாம்பியனான லிவர்பூல் பெற்றது அதில் இரண்டு மடங்குகூட இல்லை. ஸ்பெயினில் 2015 வரை ஒவ்வொரு கிளப்பும் தன் ஒளிபரப்பு உரிமையைத் தனியாக விற்றுக்கொண்டது. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் எட்ட முடியாத உயரத்துக்குப் போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

பணத்தோடு மூளையும் சேர்ந்தது. பிரைட்டனின் உரிமையாளர் டோனி ப்ளூம், பிரென்ட்ஃபோர்டின் மேத்யூ பென்ஹாம் இருவரும் பந்தயத் துறையில் புள்ளிவிவரக் கணக்கில் தேர்ந்தவர்கள். ஈக்வடாரிலிருந்து சில மில்லியன் பவுண்டுக்கு வாங்கிய கைசெடோவை பிரைட்டன் 2023இல் செல்சிக்குப் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. விற்ற பிறகும் அணி ஆட்டம் காணவில்லை, 2024-25இல் 8ஆம் இடம். பெரிய கிளப்புகள் பெயரைப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் ஆளை அலசி வாங்கினார்கள்.

அந்த சீசனின் கடைசி நாளில், ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இடங்களுக்காக நடந்த போராட்டத்தை யாரும் மறக்க முடியாது. செல்சி 69, நியூகாசில் 66, ஆஸ்டன் வில்லா 66, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 65. செல்சி ஃபாரஸ்டின் மைதானத்துக்கே போய் 1-0 என்று வென்று 4ஆம் இடத்தைப் பிடித்தது. வில்லா 15ஆம் இடத்திலிருந்த யுனைடெட்டிடம் தோற்று, கோல் வித்தியாசத்தில் நியூகாசிலுக்குப் பின்னால் நின்று அந்த இடத்தைத் தவறவிட்டது. கோல் எதுவும் விழாமல் இருந்தபோது வில்லாவின் மோர்கன் ராஜர்ஸ் அடித்த கோலை, பந்து வலைக்குள் போவதற்கு முன்பே நடுவர் விசில் ஊதிவிட்டதால், வீடியோ நடுவரால்கூடத் திருத்த முடியவில்லை. கோப்பைகளும் புதிய கைகளுக்குப் போயின: கிரிஸ்டல் பேலஸ் மான்செஸ்டர் சிட்டியை வீழ்த்தி எஃப்ஏ கோப்பையை வென்றது, அதுவே அவர்களின் முதல் பெரிய கோப்பை. 1955க்குப் பிறகு நியூகாசில் வென்ற முதல் உள்நாட்டுக் கோப்பையும் அதே சீசனில்தான்.

இதோடு நிறுத்திக்கொண்டால் பிரீமியர் லீக் சொர்க்கம்போலத் தெரியும். ஆனால் அதே சீசனின் ஏப்ரல் மாதத்தைப் பாருங்கள். சவுத்தாம்ப்டன் ஏழு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே தரமிறக்கம் (கடைசி மூன்று அணிகள் கீழ் லீக்குக்குப் போகும்) உறுதியாகி வெளியேறியது. பிரீமியர் லீக் வரலாற்றில் அதுவரை இத்தனை ஆட்டங்கள் மீதமிருக்க எந்த அணியும் போனதில்லை. லெஸ்டரும் இப்ஸ்விச்சும் அதே மாதம் பின்தொடர்ந்தன. ஏப்ரல் 27 அன்று லிவர்பூல் பட்டத்தையும் உறுதி செய்தது. மே பிறப்பதற்குள் உச்சியும் அடியும் முடிந்துவிட்டன. முந்தைய ஆண்டும் சாம்பியன்ஷிப் எனும் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து ஏறிவந்த மூன்று அணிகளும் (லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட்) அப்படியே திரும்பிப் போயின. அதற்கு முன் ஏறிய மூன்றும் ஒரே ஆண்டில் இறங்கியது 1997-98இல் மட்டுமே.

டாட்டன்ஹாமுக்கும் 18ஆம் இடத்து லெஸ்டருக்கும் இடையே 13 புள்ளி இடைவெளி. 22 ஆட்டங்களில் தோற்ற ஓர் அணி ஒரு வாரம்கூட உண்மையான பயத்தில் இருக்கவில்லை. அதனால்தான் டாட்டன்ஹாமும் யுனைடெட்டும் கடைசி வாரங்களில் லீக்கைக் கிட்டத்தட்டக் கைவிட்டு, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீக்கில் கவனம் செலுத்த முடிந்தது. பில்பாவோவில் நடந்த இறுதிப்போட்டியில் ப்ரென்னன் ஜான்சனின் ஒற்றைக் கோலில் டாட்டன்ஹாம் வென்றது. அந்த வெற்றியால் 17ஆம் இடத்து அணிக்கு சாம்பியன்ஸ் லீக் இடம் கிடைத்தது. கோப்பையை அவர்கள் உழைத்து வென்றார்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளிகள் எடுத்தும் தரமிறக்கப்பட்டது. யுனைடெட் எடுத்ததும் அதே 42தான். அன்றைய பட்டியலில் இந்த யுனைடெட்டின் கதி என்னவாகியிருக்கும்?

ஏறிவரும் அணிகளின் திறமைக் குறைவு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. செலவு விதிகளே அவர்களுக்கு எதிராக நின்றன. 2024-25இல் இருந்த விதிகளின்படி மூன்று ஆண்டுகள் பிரீமியர் லீக்கில் இருந்த கிளப் மொத்தம் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் காட்ட முடிந்தது. இரண்டு ஆண்டுகள் சாம்பியன்ஷிப்பில் ஆடிவிட்டு ஏறிய கிளப்புக்கு அந்த வரம்பு 6.1 கோடி மட்டுமே. ஏறியபின் தாக்குப்பிடிக்க ஆட்களை வாங்கிக் குவித்த ஃபாரஸ்ட் அந்த வரம்பைத் தாண்டியதற்காக 2023-24இல் 4 புள்ளிகளை இழந்தது. செலவழித்தால் தண்டனை, செலவழிக்காவிட்டால் ஏப்ரலிலேயே வெளியேற்றம். உள்ளே இருக்கும் 17 பேருக்குக் கதவு மூடியிருப்பது வசதிதான். யுனைடெட் ரசிகனாக நானும் 2025இல் அந்த வசதியில்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆகவே அடுத்த சீசன்களில் போட்டி உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்று பார்க்க விரும்பினால், யுனைடெட் எத்தனையாவது இடம் என்று தேடாதீர்கள். 17ஆம் இடத்துக்கும் 18ஆம் இடத்துக்கும் நடுவில் எத்தனை புள்ளிகள் என்று பாருங்கள், மே மாதத்தின் கடைசி ஞாயிறன்று கீழே இன்னும் எத்தனை அணிகள் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு தவிக்கின்றன என்று பாருங்கள்.