பதினாறு சதவீதம்… எதில்?

பாரசீகத்தின் (இன்றைய ஈரான்) எண்ணெயை ஒரு தனிமனிதருக்கு 60 ஆண்டுக்கு எழுதிக் கொடுத்த 1901 ஒப்பந்தத்தைப் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதியிருந்தேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கே: பாரசீகம் யாருக்கும் காலனியாக இருந்ததே இல்லையே சார்? பிறகு எப்படி ‘காலனிய ஒப்பந்தம்’ என்கிறீர்கள்? (வரலாறு படிக்கும் மாணவி)

சட்டப்படி இல்லைதான் அம்மா. ஷாவுக்கு (பாரசீக மன்னருக்கு) சிம்மாசனம் இருந்தது, கொடி இருந்தது. கையில் காசுதான் இல்லை. 1900இல் ரஷ்யாவிடம் 2.25 கோடி ரூபிள் கடன் வாங்கினார். அதற்கு ஈடு, நாட்டின் சுங்க வருமானம். 1907இல் ரஷ்யாவும் பிரிட்டனும் உட்கார்ந்து வடக்கு உனக்கு, தென்கிழக்கு எனக்கு என்று பாரசீகத்தைப் பங்கு போட்டுக்கொண்டபோது, வீட்டுக்காரனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்கு வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

கே: ரஷ்யாவின் கண்ணில் மண்ணைத் தூவித்தான் கையெழுத்து வாங்கினார்களாமே, உண்மையா அண்ணா?

உரிமை வாங்கியவர் வில்லியம் நாக்ஸ் டார்சி. ஆஸ்திரேலியாவின் மவுண்ட் மார்கன் தங்கச் சுரங்கத்தில் பணம் பார்த்தவர், பாரசீக மண்ணை மிதித்ததே கிடையாது. அவருக்காகத் தெஹ்ரானில் பேசியவர் ஆல்ஃப்ரட் மாரியட். அங்கே பிரிட்டிஷ் தூதர் ஆர்தர் ஹார்டிங். கதையைச் சொன்னவரும் இந்த ஹார்டிங்தான்.

ரஷ்யத் தூதரகத்துக்குத் தெரிவிக்காமல் கையெழுத்துப் போட்டால் பின்னால் வம்பு வரும் என்று பிரதம வசீர் (ஷாவின் தலைமை அமைச்சர்) பயந்தார். அதனால் விவரத்தை எழுதி அனுப்பினார். எழுதியது ‘ஷிகஸ்தே’ என்ற கொடி கொடியான பாரசீகக் கையெழுத்தில். ரஷ்யத் தூதரகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒரு அதிகாரி, அவர் அப்போது ஊரில் இல்லை. கடிதம் மேசையில் கிடந்தது. 1901 மே 28 அன்று ஷா முசாஃபருத்தீன் கையெழுத்துப் போட்டுவிட்டார். தகவலும் தந்தாயிற்று, தடையும் வரவில்லை! ரஷ்யா கோபப்படாமல் இருக்க வடக்கில் உள்ள ஐந்து மாகாணங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். அப்படியும் சுமார் 4,80,000 சதுர மைல்.

கே: அவ்வளவு நிலத்துக்கு 20,000 பவுண்டு ரொக்கம், 20,000 பவுண்டுக்குப் பங்கு, லாபத்தில் 16 சதவீதம். ஷா ஏமாளியா?

இன்றைய கணக்கை வைத்து அன்றைக்குத் திட்டக் கூடாது. எண்ணெய் இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது. 1903 முடிவதற்குள் டார்சி ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் விட்டிருந்தார், வங்கியில் கடன் வேறு. 1905இல் பர்மா ஆயில் கம்பெனி வந்து கைகொடுத்தது. 1908 மே 26 விடியற்காலை பாரசீகத்தின் தென்மேற்கில் உள்ள மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1,180 அடி ஆழம். ஆகவே ரொக்கத்தைப் பற்றி நான் ஷாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கோட்டை விட்டது அந்த 16இல்.

கே: 16 சதவீதம் குறைவு என்கிறீர்களா?

இல்லை ஐயா. அப்போதைக்கு அது மோசமான எண்ணே இல்லை. 16 சதவீதம், ஆனால் எதில்? ‘நிகர லாபத்தில்’ என்று எழுதினார்கள். நிகர லாபம் என்றால் என்ன, எந்தெந்தக் கம்பெனியின் லாபம், கணக்கை யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது? சண்டை முழுக்க இங்கேதான்.

நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். உங்கள் தென்னந்தோப்பை ஒருவருக்குக் குத்தகைக்கு விடுகிறீர்கள். லாபத்தில் பங்கு என்று பேச்சு. அவர் தேங்காயைத் தன் மச்சான் செக்குக்கு அடிமாட்டு விலைக்குப் போடுகிறார். செக்கில் லாபம் கொட்டுகிறது, தோப்பில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் நஷ்டம். உங்கள் பங்கு தோப்பில் மட்டும்தான் என்கிறார். கப்பல் கம்பெனி, வெளிநாட்டுச் சுத்திகரிப்பு, விற்பனை என்று, டார்சியின் உரிமையை எடுத்து நடத்திய ஆங்கிலோ-பர்ஷியன் கம்பெனி துணைக் கம்பெனிகளைப் பெருக்கியபோது பாரசீகம் எழுப்பிய புகார் ஏறக்குறைய இதுதான்.

இதில் மச்சான் யார் தெரியுமா? பிரிட்டிஷ் அரசாங்கமே. 1914இல் சர்ச்சில் கடற்படை அமைச்சர். 22 லட்சம் பவுண்டு போட்டுப் அந்தக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை அரசு வாங்கியது. நாடாளுமன்றத்தில் 254க்கு 18 என்று நிறைவேறியது. கூடவே, கடற்படைக்குச் சலுகை விலையில் எண்ணெய் என்று தனி ஒப்பந்தம். வாங்குபவனும் அவனே, விற்பவனும் அவனே. இதற்கு மேல், 1915இல் போர்க்காலத்தில் பழங்குடியினர் குழாயை உடைத்தார்கள் என்று சொல்லிப் பாரசீகத்துக்குத் தர வேண்டிய பணத்தையும் கம்பெனி நிறுத்திவைத்தது. 1920இல் பாரசீகத்தின் சார்பில் கணக்குப் பார்த்துப் பேச உட்கார்ந்தவர் ஆர்மிடேஜ்-ஸ்மித். அவர் யார்? பிரிட்டிஷ் கஜானா அதிகாரி. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவர் பேசித்தான் பழைய பாக்கிக்கு 10 லட்சம் பவுண்டு வந்தது.

கே: இதில் இந்தியர்களுக்கு ஏதாவது பங்கு உண்டா?

பங்கு இல்லை, வேலை உண்டு. துரப்பண முகாமுக்குக் காவல் நின்றது இந்தியக் குதிரைப்படை. பாரசீகத்தின் அபாதான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இந்தியத் தொழிலாளர்கள் நிறையப் பேர், 1920இல் வேலைநிறுத்தமும் செய்தார்கள். வீட்டில் பெரியவர்கள் ‘பர்மா ஷெல்’ டின்னைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பர்மாதான் டார்சியைக் காப்பாற்றிய பர்மா ஆயில்.

கே: பின்னால் வந்த மன்னர் ரெசா ஷா ஒப்பந்தக் கோப்பை அடுப்பில் போட்டார் என்பது கட்டுக்கதையா?

1932 நவம்பரில் அமைச்சரவைக் கூட்டத்தில் கோப்பைத் தூக்கிக் கணப்பில் எறிந்தார் என்றுதான் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்தது நிச்சயம். காரணம் எளிது. 1930க்கு வந்த தொகை சுமார் 12.9 லட்சம் பவுண்டு, 1931க்கு 3,06,872. உலக மந்தம்தான், ஆனாலும் இப்படியா சரியும்? பிரிட்டன் வழக்கை உலக நாடுகள் சங்கத்துக்கு (ஐ.நா.வுக்கு முன்பு இருந்த அமைப்பு) கொண்டு போனது. அப்புறம் கம்பெனித் தலைவர் ஜான் காட்மன் தெஹ்ரானுக்கு வந்தார். 1933 ஏப்ரலில் புது ஒப்பந்தம்.

அதில் டன்னுக்கு 4 ஷில்லிங். டன்னை எண்ணலாம், நிகர லாபத்தை எண்ண முடியாது. அந்த அளவில் பாடம் படித்திருந்தார்கள். ஆண்டுக்குக் குறைந்தது 7,50,000 பவுண்டு என்ற உறுதியும் வந்தது. நிலம் 1,00,000 சதுர மைலாகச் சுருங்கியது. ஆனால் கடைசி நேரத்தில் காட்மன் ஒன்று கேட்டார், கால நீட்டிப்பு. 1961இல் முடிய வேண்டியது 1993 வரை போனது. நான் 1901ஐ மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன்.

கே: அதில் கையெழுத்துப் போட்ட நிதியமைச்சரைத் துரோகி என்றார்களே?

தகீசாதே. 1949இல் மஜ்லிஸில் (ஈரான் நாடாளுமன்றத்தில்) எழுந்து பேசினார். நீட்டிப்பில் தனக்குச் சம்மதமே இல்லை, தான் அங்கே வெறும் கருவி, தவறு செய்தவர் வேறொருவர், அவராலும் பின்வாங்க முடியவில்லை என்றார். அந்த வேறொருவர் ரெசா ஷா, அவர் 1944இலேயே இறந்துவிட்டிருந்தார். இரண்டு ஆண்டு கழித்து 1951இல் அதே மஜ்லிஸ் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. அப்போது பிரிட்டன் எடுத்து நீட்டியது தகீசாதே கையெழுத்திட்ட அந்த 1933 தாளைத்தான்.