கிராமப் பெண்களை நாட்டு வளர்ச்சியில் பங்கேற்கச் செய்த ஆப்பிரிக்க அரசுத் திட்டம் உண்டா?

உண்டு. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பொதுவாக ஒரே பதில் கூறுவது பொருந்தாது என்பதால், எத்தியோப்பியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அந்நாட்டு அரசு 2003இல் தொடங்கிய சுகாதார விரிவாக்கத் திட்டத்தில், பெரும்பாலும் பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள், ஓராண்டுப் பயிற்சிக்குப் பின், சுமார் 5,000 பேர் வாழும் ‘கெபெலே’ என்னும் கடைநிலை நிர்வாகப் பிரிவு ஒன்றுக்கு இருவர் வீதம், மாதச் சம்பளம் பெறும் அரசு ஊழியர்களாக நியமிக்கப்பட்டனர். அவர்களின் எண்ணிக்கை 30,000ஐத் தாண்டியது. வீடு வீடாகச் சென்று கழிப்பறை அமைக்க வழிகாட்டுவது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, கருத்தடை முறைகளை விளக்குவது ஆகியவை அவர்களின் பணிகள். சம்பளத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பெண்களின் உழைப்பைச் ‘சேவை’ என்று புகழ்ந்துவிட்டு, ஊதியம் தராமல் விடும் திட்டங்கள் உலகெங்கும் பல உண்டு.

இன்னொன்று நிலச் சான்றிதழ். எத்தியோப்பியாவில் நிலம் அரசுக்கே சொந்தம். உழவருக்கு இருப்பது பயன்பாட்டு உரிமை. அம்ஹாரா பகுதியில் அந்த உரிமைக்கான சான்றிதழில் கணவன், மனைவி இருவரின் பெயர்களும் புகைப்படங்களும் இடம்பெற்றன. கணவரை இழந்தவரோ மணவிலக்குப் பெற்றவரோ தம் பங்கைக் கேட்கும்போது, தம் முகம் பதிந்த அந்தத் தாளையே ஆதாரமாக நீட்ட முடிகிறது. ஆயினும், எருது பூட்டி உழுவது ஆணின் வேலை என்னும் வழக்கம் நீடிப்பதால், தனித்து வாழும் பெண்கள் பலர் தம் நிலத்தை இன்றும் பிறரிடம் பங்குக் குத்தகைக்கு விட்டு, விளைச்சலில் ஒரு பகுதியை இழக்கிறார்கள்.