மே லீவுல ஸ்கூபாவும் ஈட்டி மீன்பிடியும்: காரைக்குடி அண்ணனுக்கு

அண்ணே, குடும்பத்தோட ராமேஸ்வரம் பக்கம் போய் ஸ்கூபா (முதுகுல காத்து டேங்க் மாட்டிக்கிட்டு கடலுக்கடியில முங்குறது), ஈட்டி மீன்பிடி ரெண்டையும் ஒரே ட்ரிப்ல முடிச்சிரலாமான்னு கேட்டிருந்தீங்க. ஈட்டிய மறந்துருங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் 1986லேருந்து தேசியப் பூங்கா, அங்க ஈட்டியோட இறங்குனா வனத்துறை கேஸு தான், கடல் அட்டை, கடல்குதிரைய எடுத்தாலே உள்ள போகணும்.

ஸ்கூபா தாராளமா பண்ணலாம், ஆனா சின்னவனுக்கு 8 வயசுங்கிறீங்க, 10க்கு கீழ கடல்ல டேங்க் மாட்ட ஒழுங்கான சென்டர்காரன் ஒத்துக்க மாட்டான், அவனுக்கு ஸ்நார்க்கல், அதாவது குழாய்ல மூச்சு விட்டுக்கிட்டு தண்ணி மேலயே மிதந்து பாக்குறது, போதும். பெரியவளுக்கு சளி இருந்தா அன்னைக்கு இறக்காதீங்க, ஏன்னா கீழ போறப்ப காது அடைக்கும், மூக்கப் புடிச்சு மெல்ல ஊதுனா அது திறக்கணும், சளி இருந்தா திறக்காது, சளி இல்லாட்டியும் வலி வர்றதுக்கு முன்னாடியே, இறங்க ஆரம்பிச்சதுலேருந்து கொஞ்சம் கொஞ்சமா ஊதிக்கிட்டே போகணும், அடைச்சா அரை மீட்டர் மேல ஏறி திரும்ப ஊதணும், அடம்புடிச்சு கீழ போனா செவிப்பறை போயிரும். அப்பச்சிக்கு வீசிங் இருக்குல்ல, டாக்டர் லெட்டர் இல்லாம வேணாம். கிட்டக்க இருக்குன்னு தொண்டி போயிராதீங்க, அங்க பாக் விரிகுடா கலங்கல், ஒண்ணும் தெரியாது.

மீன் தான் ஆசைன்னா, ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, நாட்டுப்படகு மீன் தான் கரைக்கு வரும், கொஞ்சமா வந்தாலும் ஃப்ரெஷ்ஷா இருக்கும், காலைலயே போய் நில்லுங்க.