எங்களுக்கு 2 ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம் உண்மையிலேயே கிடைக்குமா? எப்படி வாங்குவது?

கிடைக்கும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். மத்திய அரசின் வழிகாட்டுதலில் சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதம்தான். மீதியை மாநில அரசு சேர்த்துக் கொடுக்கிறது. 2.5 ஏக்கர் வரை இருந்தால் குறு விவசாயி, 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. ஆனால் இந்தக் கணக்கில் உங்கள் பெயரில் எங்கெங்கே நிலம் இருக்கிறதோ அத்தனையும் சேரும். பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் புன்செயையும் விட்டுவிடக் கூடாது.

100 சதவீதம் என்பது பயிர் இடைவெளியைப் பொறுத்து அரசு நிர்ணயித்த தொகைக்குத்தான். அதற்கு மேல் கூடுதல் குழாயோ, பெரிய வடிகட்டியோ கேட்டால் அந்த வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகும். மதிப்பீட்டுத் தாளில் 'விவசாயி பங்கு' என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துக்கு முன் அதைப் பாருங்கள். அதில் இல்லாத தொகையை யாராவது ரொக்கமாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது பட்டாவில்தான். உழுவது மகன், பட்டா தாத்தா பெயரில் என்றால் மானியம் நகராது. முதலில் வாரிசுச் சான்று, அடுத்து பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ பதிவு, அதன் பிறகு பட்டா மாறுதல் என்று வரிசையாகப் போக வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதமும், நிலம் உங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அனுபவச் சான்றும் கேட்பார்கள். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிடுவது நல்லது. சர்வேயர் வந்து அளக்க நாளாகும்தான். ஆனால் பயிர்க் கடன், பயிர்க் காப்பீடு, பி.எம். கிசான் என்று எதற்குப் போனாலும் இதே பட்டாவைத்தான் கேட்பார்கள். குத்தகை நிலமென்றால் குறைந்தது 7 ஆண்டுக்குப் பதிவு செய்த குத்தகை ஒப்பந்தம் வேண்டும்.

பட்டா சரியாக இருந்தால் மற்றவை எளிது: சிட்டா, நடப்புப் பசலி அடங்கல், புல வரைபடம், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தக நகல், புகைப்படம், வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று. சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மண், நீர் பரிசோதனை அறிக்கையும் எடுத்துவிடுங்கள். தண்ணீரில் உப்பும் இரும்பும் எவ்வளவு என்று தெரியாமல் வடிகட்டியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

காய்கறி, வாழை, மா என்றால் தோட்டக்கலைத் துறை. தென்னை, கரும்பு, பருத்தி, நிலக்கடலை, மக்காச்சோளம் என்றால் வேளாண்மைத் துறை. உங்கள் வட்டார அலுவலகத்துக்கே நேரில் போய் நுண்ணீர்ப் பாசன இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலிலிருந்து நீங்கள்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் உங்கள் மானியம் ஒன்றுதான். அதனால் பழுது என்றால் ஆள் அனுப்பும் நிறுவனம் எது என்று ஏற்கெனவே போட்டிருப்பவர்களிடம் விசாரியுங்கள். நிறுவனத்தார் வயலை அளந்து வரைபடம் போட்டு மதிப்பீடு தருவார்கள். அலுவலர் வயலைப் பார்த்த பின் பணி ஆணை வரும். பணி ஆணைக்கு முன் குழாய் பதித்துவிடாதீர்கள். முன்னாய்வில் வெறும் வயல்தான் பதிவாக வேண்டும். ஒரே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க 7 ஆண்டுகள் ஆக வேண்டும் என்பதால் வரைபடத்தில் விடும் தவறு ஏழு வருடமும் கூடவே வரும்.

ஆகவே வரைபடத்தை நீங்களே சரிபார்க்க வேண்டும். காய்கறிக்குப் பக்கவாட்டுக் குழாய் (செடி வரிசையோடு ஓடும் சிறு குழாய்) 1.2 மீட்டர் இடைவெளி என்று வையுங்கள். ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஆக சுமார் 3,370 மீட்டர் குழாய். 40 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான் (தண்ணீர் சொட்டும் வாய்) என்றால் ஏறக்குறைய 8,400. ஒவ்வொன்றும் மணிக்கு 2 லிட்டர் என்றால் ஏக்கருக்கு மணிக்கு 16,800 லிட்டர் தேவை. இப்போது உங்கள் மோட்டாரை அளந்து பாருங்கள். 200 லிட்டர் டிரம் 80 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 9,000 லிட்டர். வடிகட்டியும் அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் குறையும். கோடைத் தண்ணீர் மட்டத்தில் அளந்த கணக்கே நம்பத்தக்கது. இந்த மோட்டாருக்கு 2 ஏக்கரை நான்கு பிரிவாகவாவது, குறைவு என்றால் ஐந்தாகவோ பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வைக்க வேண்டும். இரண்டே வால்வு போட்ட வரைபடத்தை ஏற்றுக்கொண்டால் கடைசி வரிசைச் செடிகள் காய்ந்துபோகும்.

வேலை முடிந்ததும் கூட்டு ஆய்வுக்கு வந்து நிலத்தின் இருப்பிடத்துடன் புகைப்படம் எடுப்பார்கள். அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். முதல் வரிசைத் தொடக்கத்திலும் கடைசி வரிசை முடிவிலும் தலா ஒரு சொட்டுவானுக்கு அடியில் பாத்திரம் வைத்து 30 நிமிடம் ஓட்டுங்கள். 2 லிட்டர் சொட்டுவான் ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் இருக்க வேண்டும். கடைசியில் 900 மில்லிக்குக் கீழே போனால் பிரிவையோ துணைக்குழாய் அளவையோ மாற்றச் சொல்லுங்கள். நிறைவுச் சான்றில் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

இதே திட்டத்தோடு துணை நீர் மேலாண்மை உதவியும் கேட்கலாம், பலர் கேட்பதே இல்லை. நிலத்தடி நீர் பாதுகாப்பான குறுவட்டங்களில் (பிர்காக்களில்) ஆழ்துளைக் கிணற்றுக்கு ரூ.25,000 வரை, மோட்டாருக்குப் பாதி விலையில் ரூ.15,000 வரை, தண்ணீர் கொண்டுவரும் குழாய்க்குப் பாதி விலையில் எக்டேருக்கு ரூ.10,000 வரை உண்டு. உங்கள் குறுவட்டம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று வட்டார அலுவலகத்தில் கேளுங்கள்.

போட்ட அமைப்பு இரண்டே வருடத்தில் சுருட்டி ஓரமாகப் போடப்படுவதற்கு முக்கியக் காரணம் அடைப்பு. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளில் வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 0.5 கிலோவைத் தாண்டினால் உடனே கழுவ வேண்டும். கிணற்றில் பாசி இருந்தால் தினமும் கழுவுவதே நல்லது. குழாய் முனை மூடிகளை வாரம் ஒரு முறை திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். சூப்பர் பாஸ்பேட்டையும் டி.ஏ.பி.யையும் சொட்டுநீரில் விடாதீர்கள், கசடு நிற்கும். யூரியா, வெள்ளைப் பொட்டாஷ் தாராளமாக விடலாம். அவற்றில் உள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அடியுரமாக மண்ணிலேயே கொடுத்துவிடலாம். ஓடும் நேரத்தை மூன்றாகப் பிரித்து முதல் பங்கு வெறும் தண்ணீர், நடுவில் உரம், கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர்.

உப்புத் தண்ணீரில் சொட்டுவான் வாயில் வெள்ளையாகப் படிந்தால் அமிலம் விட வேண்டும். குழாய்த் தண்ணீரின் கார அமில நிலை (pH) 4 வரும் அளவுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உரச்செலுத்தி வழியாக விட்டு, 24 மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு முனைகளைத் திறந்து அலச வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பாசிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரை அமிலத்தோடு சேர்த்தால் விஷ வாயு வரும், இரண்டையும் வேறு வேறு நாளில் செய்யுங்கள். கோடையில் வயல் சும்மா கிடந்தால் குழாய்களைச் சுருட்டி நிழலில் வையுங்கள், வயலில் விட்டால் எலி கடித்துவிடும்.